வரைந்து கண்டெடுக்கும் கதை

(ஓவியம், அனிமேஷன் பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அனிமேஷன் படிக்கும் பிள்ளைகளும், ஓவியம் படித்துவிட்டு ஸ்டுடியோக்களில் வேலைக்குப் போகிறவர்களும் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பகலெல்லாம் யாரோ எழுதிய கதைக்கு வரைந்துவிட்டு, இரவில் நம் கதையை எப்போது வரையப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு படுப்பவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். அவர்களிடம்தான் முக்கியமாகப் பேச வந்தேன்.

தன் கையாலேயே ஒரு படம் செய்ய விரும்பும் தனிக்கலைஞர் தனக்கான கதையை எங்கே போய்த் தேடுவது? வரைவதில்தான் தேட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எழுதி முடித்த கதைக்குப் படம் போடுவது மதிப்பான தொழில். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நான் மனதார நேசிக்கும் தனிக்கலைஞர்களின் படங்களில் கதை பின்னால்தான் வந்து சேர்ந்திருக்கிறது. முதலில் வந்தது ஒரு வீடு, ஒரு முகம், ஒரு நிறம். அதையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தபோது கதை மெல்லத் தலைகாட்டியது.

இந்தக் கலையின் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். கையால் வரைகிறவர்கள் பெரும்பாலும் ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி, நொடிக்கு 12 ஓவியம் என்று சமாளிப்பார்கள். அப்படியும் ஒரு நிமிடத்துக்கு 720 ஓவியம், பத்து நிமிடப் படத்துக்கு 7,200. ஒரு ஆள் உட்கார்ந்து நாளுக்கு இருபது வரைந்தால், ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வில்லாமல் ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். இவ்வளவு உழைப்பை விழுங்கும் வேலைக்குக் கதையை முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ள வேண்டும் என்று எவருக்கும் தோன்றும். ஸ்டுடியோக்களில் அதுதான் முறை. திரைக்கதை, ஸ்டோரிபோர்டு, அதை நேரக் கணக்கோடு ஓடவிட்டுப் பார்க்கும் அனிமேட்டிக், அதன் பிறகே அனிமேஷன். நூறு பேர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. தனி ஆளும் அதே வரிசையை அப்படியே பின்பற்றும்போதுதான் சிக்கல் வருகிறது. எழுத்தில் கச்சிதமாக இருந்த கதை, ஒரு வருடம் பாடுபட்டுப் படமானதும் வெறிச்சோடிக் கிடக்கிறது. வரைந்தவரின் கண் அந்தக் கதைக்குள் எங்கும் நுழையவே இல்லை என்பதுதான் காரணம்.

வேறு வழியில் போனவர்களில் முதலில் வில்லியம் கென்ட்ரிஜைப் பற்றிச் சொல்கிறேன். 1955-ல் தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தவர். அவருடைய தந்தை சிட்னி கென்ட்ரிஜ் நிறவெறி ஆட்சிக் காலத்தின் பெரிய அரசியல் வழக்குகளில் வாதாடிய வழக்கறிஞர். மகன் பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்தார், ஓவியம் பயின்றார், பாரிஸுக்குப் போய் நாடகமும் கற்றுக்கொண்டார். 1989-ல் 'ஜோஹன்னஸ்பர்க், பாரிஸுக்கு அடுத்த இரண்டாவது பெரிய நகரம்' என்ற சிறு அனிமேஷன் படத்தைச் செய்தார். அதன் பிறகு அதே மனிதர்களை வைத்து ஒரு நீண்ட வரிசையே வந்தது.

அவர் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சுவரில் ஒரு பெரிய தாள். அதில் கரியால் வரைகிறார். அறையின் மறுபுறம் கேமரா. நடந்துபோய் ஓரிரண்டு ஃபிரேம் எடுக்கிறார். திரும்பி வந்து ஒரு கையை அழித்து, சற்றுத் தள்ளி வரைகிறார். மறுபடியும் கேமராவுக்கு நடக்கிறார். ஒரு காட்சி முழுவதும் ஒரே தாளில் நடந்து முடிகிறது. ஆயிரக்கணக்கான தாள்கள் அவருக்குத் தேவையில்லை. படம் முடிந்ததும் கையில் மிஞ்சுபவை சில டஜன் ஓவியங்கள்தாம், ஒவ்வொரு காட்சியின் கடைசி நிலையும். கரியை எவ்வளவு அழித்தாலும் தாளில் சாம்பல் நிறக் கறை நிற்கும். ஒரு பறவை பறந்தால் அது வந்த வழியெல்லாம் மங்கலாகத் தெரியும். ஆரம்பத்தில் இந்தக் கறை அவருக்கும் தொந்தரவாகத்தான் இருந்தது. போகப்போக அதுவே அவருடைய படங்களின் உயிர்நாடி ஆனது. நடந்த கொடுமையைத் துடைத்துவிட்டு மேலே போக நினைக்கும் ஒரு நாட்டைப் பற்றிப் பேச, துடைத்தாலும் போகாத கறையைவிடப் பொருத்தமான மொழி உண்டா? அதை அவர் திட்டம் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. கரியும் தாளும் அவர் கையில் கொடுத்தவை.

திரைக்கதையும் ஸ்டோரிபோர்டும் இல்லாமல்தான் அவர் தொடங்குகிறார். தாளுக்கும் கேமராவுக்கும் இடையிலான அந்த நடையில்தான் அடுத்தது என்ன என்பது தோன்றுகிறது என்று பலமுறை சொல்லியிருக்கிறார். 1991-ல் வந்த 'மைன்' படத்தில் ஒரு காட்சி. சோஹோ எக்ஸ்டைன் என்ற சுரங்க முதலாளி கோடு போட்ட சூட்டோடு படுக்கையில் சாய்ந்து காலை உணவு சாப்பிடுகிறான். அவனுக்குக் கீழே பூமிக்குள் தொழிலாளர்கள் பாறையைக் குடைகிறார்கள். மேலே இருக்கும் மனிதனிலிருந்து கீழே இருக்கும் சுரங்கத்துக்குப் போவது எப்படி என்று கென்ட்ரிஜுக்குத் தெரியவில்லை. அவருடைய அறையில் காபி வடிக்கும் கண்ணாடிக் குவளை ஒன்று இருந்தது, மேலிருந்து அழுத்தினால் சல்லடை கீழே இறங்கும் வகை. அதை வரைந்தார். சோஹோ அதை அழுத்துகிறான். சல்லடை குவளையின் அடியோடு நிற்காமல் தட்டைத் துளைத்து, படுக்கையைத் துளைத்து, மண்ணைத் துளைத்துச் சுரங்கத்தின் அடிவரை இறங்குகிறது. முதலாளியின் காலைக் காபிக்கும் தொழிலாளியின் உயிருக்கும் உள்ள தொடர்பை இதைவிட நேராகச் சொன்ன காட்சியை நான் பார்த்ததில்லை. மேசையில் உட்கார்ந்து எழுதியிருந்தால் அது வந்திருக்காது. காபிக் குவளையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு வரைந்ததால் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1960 மார்ச் 21 அன்று தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் காவல்துறை மக்கள்மீது சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். அந்தச் சம்பவம் குறித்த புகைப்படங்கள் தந்தையின் அறையில் ஒரு மஞ்சள் பெட்டியில் இருந்தன. சிறுவன் வில்லியம் மிட்டாய் என்று நினைத்து அதைத் திறந்துவிட்டான். உள்ளே சுடப்பட்டவர்களின் உடல்கள். பல ஆண்டுகள் கழித்து, 1994-ல், நாட்டில் எல்லா இனத்தவரும் வாக்களிக்கும் முதல் பொதுத்தேர்தல் நெருங்கிய நேரத்தில், 'ஃபீலிக்ஸ் இன் எக்ஸைல்' படத்தை முடித்தார். அதில் வெட்டவெளியில் கிடக்கும் உடல்களைச் செய்தித்தாள்கள் மூடுகின்றன, பிறகு மண் உள்வாங்கிக்கொள்கிறது. அந்த உடல்களுக்குப் பின்னால் அந்தப் பெட்டி இருந்ததை அவர் பின்னர்தான் சேர்த்துப் பார்த்துச் சொன்னார். கை முதலில் நினைவுகூர்ந்துவிட்டது. தன் சொந்தக் கதை இன்னதென்று தெரியாமல் தவிக்கும் இளைஞர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு. உங்கள் கதை உங்களிடம் இல்லாமல் இல்லை. அதற்கு வாசல் வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தவர் யூரி நோர்ஷ்டெய்ன். ரஷ்யர். 1941-ல், ஜெர்மானியப் படையெடுப்புக்குப் பயந்து மக்கள் மாஸ்கோவைவிட்டு வெளியேற்றப்பட்ட சமயத்தில், பென்சா வட்டாரத்து ஊர் ஒன்றில் பிறந்தார். வளர்ந்தது மாஸ்கோவின் மார்யினா ரோஷ்சா பகுதியில், பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்த பழைய மரவீட்டில். மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு அனிமேஷனுக்கு வந்தவர். அவருடைய படங்களின் உருவங்களை வரைந்தவர் மனைவி ஃபிரான்செஸ்கா யார்புசோவா. இந்தப் பெயரையும் சேர்த்தே நாம் சொல்ல வேண்டும். உலகம் பல நேரம் மறந்துவிடுகிறது.

1975-ல் வந்த 'மூடுபனியில் முள்ளெலி' பத்து நிமிடப் படம். அந்த மூடுபனியை எப்படிச் செய்தார்கள் என்று கணினி யுகத்துப் பிள்ளைகள் எப்போதும் கேட்பார்கள். ஒன்றன் மேல் ஒன்றாக இடைவெளிவிட்டு அடுக்கிய கண்ணாடிப் பலகைகள், மேலே கேமரா. வெட்டியெடுத்த உருவங்களைக் கண்ணாடிமேல் வைத்து இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். காட்சிக்கு மேல் மிக மெல்லிய தாள் ஒன்றை வைத்து, ஃபிரேமுக்கு ஃபிரேம் அதைக் கேமராவை நோக்கி உயர்த்தினால், அடியில் இருப்பதெல்லாம் வெண்மையில் கரைந்துபோகும். அவ்வளவுதான் அந்தப் பனி.

1979-ல் வந்த 'கதைகளின் கதை' 29 நிமிடம் ஓடும். அனிமேஷனில் சொந்த நினைவைச் சொன்ன படங்களில் இதற்கு மேல் ஒன்றை என்னால் வைக்க முடியாது. 1984-ல் லாஸ் ஏஞ்சலிஸில் உலக அளவில் எடுத்த வாக்கெடுப்பில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த அனிமேஷன் படமாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதை விட்டுவிடுங்கள். அந்தப் படம் எப்படி உருவானது என்பதே நமக்கு வேண்டியது.

சோவியத் ஸ்டுடியோவில் எழுதிய திரைக்கதை இல்லாமல் ஒரு அடியும் எடுத்துவைக்க முடியாது. நோர்ஷ்டெய்னும் எழுத்தாளர் லியுட்மிலா பெத்ருஷேவ்ஸ்காயாவும் எழுதிக் கொடுத்தார்கள். நினைவைப் பற்றிய படம் என்பதே அதன் சாரம். ஆனால் வேலை தொடங்கிய பிறகு படம் அந்தத் தாளைவிட்டு வெகுதூரம் போய்விட்டது. இடிபடப்போகும் வீடு, வாசலில் தையல் இயந்திரம், விளக்குக் கம்பத்தடியில் ஒரு பழைய டாங்கோ இசைக்கு ஆடும் ஜோடிகள். இசைத்தட்டு ஒவ்வொரு முறை சிக்கித் திக்கும்போதும் ஒரு ஆண் மறைந்துபோகிறான். பெண்ணின் கைகள் யாரையோ அணைத்தபடி வெறுமையில் நிற்கின்றன. அந்த ஆண்கள் போருக்குப் போகிறார்கள். முக்கோணமாக மடித்த கடிதங்கள் காற்றில் பறந்து வருகின்றன. இந்தக் காட்சியைச் சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது. இதில் ஒரு வசனம்கூட இல்லை.

இன்னொரு பக்கம் வேறோர் உலகம். அதைக் கிட்டத்தட்ட வெறும் கோட்டோவியமாகவே விட்டிருக்கிறார்கள். கடலோரம் ஒரு மீனவன், துணி துவைக்கும் அவன் மனைவி, ஸ்கிப்பிங் ஆடும் சிறுமி, அவளுக்குக் கயிறு சுழற்றும் காளை, வரி வராமல் உட்கார்ந்திருக்கும் கவிஞன். பிக்காஸோவின் கோடுகளையும், புஷ்கின் தன் கையெழுத்துப் பிரதிகளின் ஓரத்தில் கிறுக்கிய சித்திரங்களையும் பார்த்துப் பழகிய கைகள் அவை. இரண்டு உலகங்களுக்கும் நடுவே அலைகிறது ஒரு சின்னச் சாம்பல்நிற ஓநாய்க்குட்டி. ரஷ்யத் தாலாட்டில் தூங்காத குழந்தையை வந்து கடித்துவிடும் என்று அம்மாக்கள் பயமுறுத்தும் ஓநாய் அது. படத்திலோ அது இடியப்போகும் வீட்டில் தனியாக உருளைக்கிழங்கு சுட்டுத் தின்கிறது. படத்துக்கு முதலில் வைத்த தலைப்பும் அந்தத் தாலாட்டிலிருந்து வந்ததுதான். அதிகாரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. துருக்கிக் கவிஞர் நாஸிம் ஹிக்மத்தின் கவிதைத் தலைப்பு ஒன்றை எடுத்து வைத்துவிட்டார்கள்.

இந்தப் படத்தில் 'கதை என்ன' என்று கேட்டால் இரண்டு வரியில் சொல்லவே முடியாது. ஆனால் முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம்வரை ஒரு மனிதரின் வீடும் அந்த வீட்டின் இழப்பும் இருக்கின்றன. எழுத்தில் இதை முன்னால் வைத்துவிட்டுப் படம் கேட்டிருந்தால் எந்தத் தயாரிப்பாளரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். வீட்டை வரைந்ததால் வாசல் வந்தது, வாசலை வரைந்ததால் ஜோடிகள் வந்தார்கள் என்றுதான் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். கீதாஞ்சலி ராவை உங்களில் பலர் முகத்தால் அறிவீர்கள். 2018-ல் வந்த 'அக்டோபர்' என்ற இந்திப் படத்தில், மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடக்கும் பெண்ணின் அம்மா வித்யா ஐயராக நடித்தவர். ஆனால் அவருடைய முதல் தொழில் ஓவியம். மும்பை ஜே.ஜே. பயன்பாட்டுக் கலைக் கல்லூரியில் படித்து 1994-ல் வெளியே வந்தார். அனிமேஷன் தானாகக் கற்றுக்கொண்டது.

2006-ல் வந்த 'பிரிண்டட் ரெயின்போ' அவருடைய பதினைந்து நிமிடப் படம். எழுதியது, வரைந்தது, வண்ணம் தீட்டியது, தயாரித்தது எல்லாம் அவரே. சுமார் மூன்று வருட உழைப்பு. ஒரு பெரிய நகரத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வயதான பெண்ணும் ஒரு பூனையும் வாழ்கிறார்கள். அந்த வாழ்க்கை முழுவதும் சாம்பல் நிறம். அவளிடம் தீப்பெட்டிகள் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு தீப்பெட்டிப் படத்துக்குள்ளும் அவளும் பூனையும் புகுந்துவிடுகிறார்கள். அங்கே நிறங்கள் கொட்டுகின்றன. கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் அந்தப் படத்துக்கு மூன்று பரிசுகள் கிடைத்தன. தன் அம்மாவுக்கும் அம்மாவின் பூனைக்கும் அதைக் காணிக்கையாக்கினார்.

இதில் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. 1922-ல் சிவகாசியிலிருந்து ஐயநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அதன் பிறகு சிவகாசி தீப்பெட்டிக்கும், அதில் ஒட்டும் படங்களுக்காக வளர்ந்த அச்சுத் தொழிலுக்கும் பேர்போனது. இந்தியா முழுவதும் அடுப்பங்கரைகளில் கிடந்த தீப்பெட்டிகளில் பெரும்பகுதி சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்திலிருந்து போனவை. மயில், கிளி, தாமரை, லட்சுமி, கப்பல் என்று இரண்டு அங்குலத்துக்குள் முழு உலகத்தை அடக்கிய ஓவியர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் பெயரை அந்த அட்டையில் போட்டுக்கொள்ளக் கொடுத்துவைத்தது? அநேகமாக ஒருவருக்கும் இல்லை. ஒரு கிழவியின் தனிமைக்கு அந்த மலிவான அச்சு வண்ணங்கள் துணையாக வந்து நிற்பதைப் பார்க்கும்போது, பெயரில்லாத அந்தக் கைகளுக்கும் ஒரு மரியாதை கிடைத்துவிட்டதாக நினைத்து நான் சந்தோஷப்பட்டேன்.

இந்தப் படத்தில் நிறம்தான் கதை. சாம்பலும் வண்ணமும் மாறிமாறி வருவதை எடுத்துவிட்டால் அங்கே சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. தூரிகை பிடித்தவருக்குத்தான் இப்படி ஒரு கதை தோன்றும்.

2014-ல் கீதாஞ்சலி ராவ் 'ட்ரூ லவ் ஸ்டோரி' என்ற குறும்படம் செய்தார். மும்பைத் தெருவில் பூ விற்கும் ஒரு பையன், ஒரு பெண். அவர்களைப் பிடித்த கை அவர்களை விடவில்லை. ஐந்து வருடம் கழித்து, 2019-ல், அந்த விதையிலிருந்து 'பாம்பே ரோஸ்' என்ற முழுநீளப் படம் முளைத்து வெனிஸ் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தைத் தொடங்கிவைத்தது. பகலில் பூக்கட்டி விற்று இரவில் பாரில் ஆடும் கமலா, காஷ்மீரிலிருந்து வந்த அநாதை சலீம், இளமையில் சினிமாவில் ஆடிய மிஸ் டிசூசா. ஒவ்வொருவரின் மனதுக்கும் ஒரு தனி ஓவிய பாணி. கமலாவின் கனவு அரசவைச் சிற்றோவியம்போல விரிகிறது. டிசூசா தெருவில் நடக்க நடக்க, இன்றைய நகரத்தின் நிறம் வடிந்து பழைய கறுப்பு வெள்ளைப் பம்பாய் எழும்புகிறது. சுமார் 60 ஓவியர்கள் ஒன்றரை ஆண்டு ஃபிரேம் ஃபிரேமாகத் தீட்டியது. அறுபது பேர் வந்த பிறகும் அது ஒருவருடைய படமாகவே இருக்கிறதென்றால், அவர் தனியாக வரைந்து கழித்த அத்தனை வருடங்கள்தாம் காரணம்.

நீனா சப்னானியையும் சொல்லாமல் விட முடியாது. 2005-ல் அவர் செய்த 'முகந்த் அண்ட் ரியாஸ்' 1947 பிரிவினையின்போது கராச்சியில் பிரிந்த இரண்டு நண்பர்களின் கதை. தன் தந்தையின் நினைவிலிருந்து எடுத்தது. துணித்துண்டுகளை வெட்டி ஒட்டும் பெண்களின் கைவேலைப் பாணியில் அந்தப் படம் நகர்கிறது. கிழிந்ததும் சேர்த்துத் தைத்ததும் கண்ணுக்குத் தெரிகிற ஊடகம். பிரிவினைக்கு வேறென்ன வேண்டும்?

எதைக்கொண்டு வரைகிறோம் என்பது இந்த அளவுக்கு முக்கியம். கனடாவில் கரோலின் லீஃப் 1976-ல் 'தி ஸ்ட்ரீட்' படத்தைக் கண்ணாடிமேல் ஈர வண்ணத்தால் செய்தார். வண்ணம் காயாமலிருக்கக் கிளிசரின் கலந்துகொள்வார்கள். ஒரு ஓவியத்தைப் படம்பிடித்ததும் அதையே விரலால் தேய்த்து அடுத்ததாக மாற்ற வேண்டும். முந்தையது என்றென்றைக்கும் போய்விடும். பாட்டி சாகக் கிடக்கும் வீட்டில் வளரும் சிறுவனின் கதை அது. முகங்கள் கரைந்து வேறு முகமாகும்போது மரணம் அந்த வீட்டில் எப்படிப் பரவுகிறது என்று உடம்பில் உணர்கிறோம். ரஷ்யாவின் அலெக்சாந்தர் பெத்ரோவ் இதே வழியில், எண்ணெய் வண்ணத்தை விரல் நுனியால் தேய்த்து, 29,000-க்கும் மேற்பட்ட ஃபிரேம்களில் 'கிழவனும் கடலும்' படத்தை 1999-ல் முடித்தார். மகனும் உடனிருந்து வேலை செய்தார். நெதர்லாந்தின் மிகாயேல் டுடோக் டெ விட் 2000-ல் செய்த 'ஃபாதர் அண்ட் டாட்டர்' எட்டு நிமிடம்தான். தட்டையான நிலம், நீளமான நிழல், சைக்கிள், திரும்பி வராத அப்பா. கரியும் பென்சிலும் போதுமாக இருந்தன. அதைப் பார்த்துத்தான் ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோ அவரிடம் முழுநீளப் படம் கேட்டு எழுதியது. 2016-ல் வந்த 'தி ரெட் டர்ட்டில்' அதன் பலன்.

இனி சற்றுக் கசப்பான விஷயம். இப்படி வேலை செய்ய நேரம் வேண்டும். யார் கொடுப்பார்கள்? நோர்ஷ்டெய்ன் 1981-ல் கோகோலின் 'மேலங்கி' கதையைப் படமாக்கத் தொடங்கினார். வேகம் போதவில்லை என்று 1985-ல் ஸ்டுடியோ அவரை வெளியேற்றியது. அந்தப் படம் இன்னும் முடியவில்லை. மறுபுறம் ஃபிரெடெரிக் பாக். பிரான்ஸிலிருந்து மாண்ட்ரியலுக்குக் குடியேறி, 1952 முதல் கனடாவின் அரசு ஒலிபரப்பு நிறுவனத்தில் சம்பளத்தில் இருந்தவர். அந்த நிழலில் உட்கார்ந்து, மங்கலான பிளாஸ்டிக் தாளில் வண்ணப் பென்சிலால், 1987-ல் 'மரங்களை நட்ட மனிதன்' படத்தை ஐந்தாண்டு உழைப்பில் முடித்தார். வண்ணம் நிலைக்கத் தெளிக்கும் திரவத்தால் ஒரு கண் பார்வையை இழந்த பிறகும் செய்த வேலை அது. 1939-ல் தொடங்கிய கனடா தேசியத் திரைப்பட வாரியம் அனிமேஷன் கலைஞர்கள் நார்மன் மெக்லாரனையும், குஜராத்திலிருந்து போன இஷு பட்டேலையும் அப்படித்தான் உட்கார வைத்து வேலை வாங்கியது. பட்டேல் 1977-ல் வெறும் மணிகளை நகர்த்தியே 'பீட் கேம்' என்ற படம் செய்தார்.

நம்மிடம் அப்படி ஓர் இடம் கிடையாது. ஒரு தயாரிப்பாளரிடம் இளைஞர் ஒருவருக்காகப் பேசப் போயிருந்தேன். சுவர் நிறைய ஓவியங்களை விரித்துக் காட்டினோம். கதையைப் பேப்பரில் கொடுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார். எங்களுக்கு எதிரே விரிந்து கிடந்ததும் பேப்பர்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எழுத்தைப் படித்துத் தீர்ப்புச் சொல்லப் பழகியவர்களுக்கு ஓவியத்தைப் படிக்கச் சொல்லித்தர நாம் இன்னும் முயலவில்லை.

அதுவரை நீங்கள் என்ன செய்வது? என் அனுபவத்தில் பயன்பட்டவற்றைச் சொல்கிறேன். கதாபாத்திரத்தில் தொடங்காதீர்கள், இடத்தில் தொடங்குங்கள். நீங்கள் வளர்ந்த தெரு, குடிநீர்க் குழாயடி, தாத்தாவின் கடை, பரீட்சைக்குப் படித்த மொட்டைமாடி. அதைக் காலையில் வரையுங்கள், மின்சாரம் போன இரவில் வரையுங்கள், மழையில் வரையுங்கள். ஒரே இடத்தை வேறுவேறு வெளிச்சத்தில் வரையும்போது அங்கே யாரோ ஒருவர் நிற்கத் தொடங்குவார். அவர் யாரென்று உடனே கேட்காதீர்கள். அவரையும் வரையுங்கள், வயதை மாற்றி மாற்றி. வண்ணத்தை ஆரம்பத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் கை தானாக நிறத்தைத் தேடுகிறதோ அங்கேதான் உங்கள் கதையின் நரம்பு ஓடுகிறது.

ஓவியங்களை நோட்டுக்குள்ளேயே பூட்டிவைக்காமல் சுவரில் ஒட்டுங்கள். வரிசையை மாற்றிப் பாருங்கள். வீடு இடிந்த படத்துக்குப் பக்கத்தில் கல்யாணப் படத்தை வைத்தால் ஓர் அர்த்தம் வரும், பள்ளிக்கூடப் படத்தை வைத்தால் வேறு அர்த்தம் வரும். இரண்டு ஓவியங்களுக்கு இடையில்தான் கதை நடக்கிறது. அப்புறம், பத்து நொடிக்கு மட்டும் அசைத்துப் பாருங்கள். கோடு அசைந்ததும் பல யோசனைகள் பொய்யென்று தெரிந்துவிடும், ஒன்றிரண்டு உண்மை என்று உறுதிப்படும். எழுதுவது அதற்குப் பிறகு வரட்டும். எழுத வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கண்டெடுத்ததை ஒழுங்குபடுத்த எழுத்துக்கு நிகரான கருவி கிடையாது.

வரையும் டேப்லெட்டா, தாளா என்று கேட்பீர்கள். 'பாம்பே ரோஸ்' கணினியில் தீட்டிய படம்தான். கருவி எதுவானாலும் சரி, அழிக்க முடியும் என்ற வசதியை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொத்தானில் எல்லாத் தவறும் மறைந்துபோனால், கென்ட்ரிஜுக்குக் கிடைத்த கறை உங்களுக்குக் கிடைக்காது.

இங்கே ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கோரிக்கை. இறுதியாண்டு மாணவரிடம் முதல் வாரமே திரைக்கதை கேட்காதீர்கள். ஒரு பருவம் முழுவதும் அவர் தன் ஊரை வரையட்டும். ஸ்டோரிபோர்டுக்கு மதிப்பெண் போடுவதுபோல அந்த நோட்டுகளுக்கும் மதிப்பெண் போடுங்கள். படத்தின் முடிவு என்னவென்று தெரியாத மாணவரை அரைகுறை என்று எழுதிவிடாதீர்கள்.

பிள்ளைகளே, உங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஸ்டுடியோவில் பகல் முழுவதும் வரைந்து கை களைத்திருக்கும், தெரியும். அப்படியும் வாரத்தில் ஒரு மாலையையாவது யாருக்கும் விற்காமல் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்களின் கதைகளை இந்த ஊர்களின் கைகள் வரைய வேண்டும். அந்த வேலையை உங்களுக்காக வேறு யாரும் செய்துதரப் போவதில்லை. நாளை மாலை முதல் தாளை எடுங்கள்.